ஒரு நாளைக்கு ஒரு கோச்

22 செப்டம்பர் 2025, திங்கள்

காலை 9.10. ஷெட்டில் நிற்க வேண்டிய கோச்சுகள் ஆறு. முழுதாக நிற்பது ஒன்று. ரயில்வேக்குப் போய்ச் சேர்ந்தது பூஜ்யம். கெடு பிப்ரவரியோடு முடிந்துவிட்டது.

திருவள்ளூர் தாண்டி, பொட்டல் காட்டுக்கு நடுவில் இருக்கிறது தொழிற்சாலை. இன்று ஆய்வுப் பொறியாளராகப் பொறுப்பேற்றேன். கட்டுகிற கம்பெனிக்கும் வாங்குகிற ரயில்வேக்கும் நடுவில் நின்று, ஒவ்வொன்றையும் சோதித்து, சரியாக இருந்தால் கையெழுத்துப் போடுகிற வேலை. நான் கையெழுத்துப் போடாமல் எந்தக் கோச்சும் கேட்டைத் தாண்டாது.

எனக்கு முன்னால் இருந்த வெங்கடசுப்பு ஆறு மாதத்தில் ஒன்றுக்குக்கூடக் கையெழுத்துப் போடவில்லை. ஆறையும் கோத்து ஒரே தண்டவாளத்தில் நிறுத்தினால்தான் தொடுவேன் என்றாராம். மடத்தனம். கம்பெனி புகார் எழுதி, அவரை ராய்ப்பூருக்கு மாற்றிவிட்டார்கள்.

ஷெட் ஃபோர்மேன் பெயர் தணிகைமலை. ஐம்பது வயது இருக்கும். நெற்றி நிறைய விபூதி. எதைக் கேட்டாலும் "ஆகட்டும் சார்" என்கிறார். எது ஆகட்டும் என்று தெரியவில்லை. ஓவர்டைமுக்காக வேலையை இழுக்கிற ஆள் என்பது பார்த்ததுமே புரிந்தது. இவர் மேல் ஒரு கண் இருக்க வேண்டும்.

நல்லவேளையாக இசக்கிராஜ் இங்கே இருக்கிறான். கல்லூரியில் ஒரே ஹாஸ்டல், எனக்கு ஒரு வருடம் சீனியர். கம்பெனியின் திட்டப் பிரிவில் இருக்கிறான். தன் வாடகை வீட்டிலேயே எனக்கும் ஓர் அறை பேசி வைத்திருந்தான். காலையில் பைக்கில் ஏறும்போது, தன்னிடம் இருந்த இன்னொரு ஹெல்மெட்டை எடுத்து என் தலையில் மாட்டினான்.

"உன் தலைக்குள்ள இருக்கது கம்பெனிக்கு வேணும்ல மக்கா, பத்திரமா வையி."

வழியில் பேசிக்கொண்டே வந்தோம். ஆறும் சேரும்வரை காத்திருப்பதால்தான் தாமதம், ஒவ்வொன்றாக முடிய முடியப் பார்த்துவிட்டால் தீபாவளிக்குள் வேலை தீர்ந்துவிடுமே என்று அவன் ஒரு பேச்சுக்குச் சொன்னான். எனக்கும் அதுவே தோன்றியது. மதியம் என் மேலதிகாரிக்குக் கடிதம் அனுப்பினேன்: இனி ஒரு நாளைக்கு ஒரு கோச். மாலையே சரி என்று பதில் வந்துவிட்டது. ஆறு மாதச் சிக்கலை ஒரே மத்தியானத்தில் அவிழ்த்தாயிற்று.

23 செப்டம்பர்

அமுதாக்கா போன் செய்தாள். பட்டாபிராமிலிருந்து தினமும் எட்டு மணி மின்சார ரயிலில் வேலைக்குப் போகிறவள். ஆகஸ்டில் கூட்டம் நெருக்கித் தள்ளி, வாசலிலிருந்து பிளாட்பாரத்தில் விழுந்தாள். வண்டி அப்போதுதான் நகர ஆரம்பித்திருந்ததால் முழங்கையோடு போயிற்று. உள்ளே தகடு வைத்திருக்கிறார்கள். ஒரு மாதம் வீட்டில் இருந்துவிட்டு மறுபடியும் அதே வண்டியில், ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு போகிறாள்.

"ஏன்டா மதி, நீதானே அங்க பெரிய ஆபீசரு? கதவு போட்ட வண்டிய எப்படா விடுவ?"

"தீபாவளிக்கு."

"எந்த வருசத் தீபாவளி?"

"இந்த வருசம்தான்க்கா. நான் வந்துட்டேன்ல."

"ஆமா, வந்துட்டான் இவன்" என்று சிரித்தாள். ஆனால் பக்கத்தில் நின்ற யாரிடமோ, "எந்தம்பி சொல்றான், தீபாவளிக்காம்" என்று அவள் சொன்னது போனில் கேட்டது.

26 செப்டம்பர்

முதல் கோச்சுக்குக் கையெழுத்துப் போட்டேன்.

இந்தப் புது மின்சார ரயிலில் முக்கியமானது தானாக மூடும் கதவுதான். கோச்சுக்கு ஒரு கன்ட்ரோலர், சூட்கேஸ் அளவில், கூரைப் பலகைக்கு உள்ளே நான்கு போல்ட்டில் உட்கார்ந்திருக்கிறது. எல்லாக் கதவும் மூடியதும் டிரைவருக்குச் சொல்வது அதுதான். ஒரு கதவு திறந்திருந்தாலும் வண்டி நகராது. கன்ட்ரோலரின் எண் தகட்டை நானே ஏறிப் படித்தேன். இருபது தடவை கதவுகளை மூடித் திறக்க வைத்தேன். என் பேனாவைக் குறுக்கே நீட்டினேன். கதவு உடனே விலகியது. அக்கா பார்த்திருக்க வேண்டும்.

சோதனை முடிந்த கோச்சை யார்டுக்குத் தள்ளிப் பிளாஸ்டிக் போர்த்திவிட்டார்கள்.

30 செப்டம்பர்

இரண்டாவதும் முடிந்தது. தகட்டில் வேறு எண், பட்டியலோடு பொருந்துகிறது. சுத்தமான வேலை. பிறகு எதற்காக இத்தனை மாதம் இழுத்தார்கள்?

தணிகைமலையிடம், மூன்றையும் நான்கையும் ஒரே நாளில் காட்டச் சொன்னேன்.

"கிரேன் ஒண்ணுதான் கீது சார்."

"கிரேன் எதுக்கு? ரெண்டும் தரையிலதானே நிக்குது?"

"ஆகட்டும் சார்" என்றார்.

இந்த ஆள் எதையோ மறைக்கிறார்.

1 அக்டோபர், ஆயுத பூஜை

காலையிலிருந்து வேலை இல்லை. ஷெட்டைக் கழுவி, கிரேனுக்கு மாலை போட்டு, வாசலில் வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். வெல்டிங் மெஷின், டிரில், ஸ்பேனர், கூட்டுகிற துடைப்பம் வரைக்கும் சந்தனம், குங்குமம். தணிகைமலை வேட்டி கட்டி வந்திருந்தார். வேலையில் இல்லாத சுறுசுறுப்பு இதில் இருந்தது.

மேசையில் மூன்றாவது கோச்சுக்கான கன்ட்ரோலர் ஒன்று இருந்தது. அதற்கும் பொட்டு வைத்தார். சந்தனம் தண்ணீராக இருந்ததால் குங்குமம் கீழே வழிந்து வால் மாதிரி இறங்கிவிட்டது. "ஐயோ" என்று நாக்கைக் கடித்துக்கொண்டார். மின்சாரம் அளக்கிற என்னுடைய மல்ட்டிமீட்டரையும் கேட்டு வாங்கி மேசையில் வைத்தார்.

"எலக்ட்ரானிக் சாமான், ஈரம் படக் கூடாது" என்றேன்.

"உங்களுக்குச் சோறு போடறது அதுதானே சார். ஒரு நாளைக்கு அதுவும் உக்காரட்டும்."

பொரி, சுண்டல், ஒரு டம்ளர் பாயசம். இசக்கி இரண்டு டம்ளர் குடித்தான்.

3 அக்டோபர்

மல்ட்டிமீட்டரிலிருந்த பொட்டைத் துடைத்தேன். திரை தெரியவில்லை. தணிகைமலை பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பூஜைல வெச்சத அதுவா உதிர்ந்தாத்தான் சார் விடுவோம். நாமளா தொடைக்கக் கூடாது."

இவர் வெல்டிங்கில் இவ்வளவு கறாராக இருந்தால் வண்டி பிப்ரவரியிலேயே போயிருக்கும்.

4 அக்டோபர்

ஸ்டோருக்கு மரப்பெட்டிகள் வந்து இறங்கியிருக்கின்றன. மீதிக் கன்ட்ரோலர் எல்லாம் வந்தாச்சு என்றான் இசக்கி. கதவு வழியாகப் பார்த்தேன், பெட்டிகள் இருந்தன. இனி தணிகைமலைக்குச் சாக்கு இல்லை.

7 அக்டோபர்

மூன்றாவது முடிந்தது. இருபது தடவையும் கதவுகள் ஒழுங்காக மூடின. கூரைக்குள் டார்ச் அடித்தபோது அந்த வால் பொட்டு தெரிந்தது. எண்ணைப் படிக்க இடைஞ்சல் இல்லை, விட்டுவிட்டேன்.

9 அக்டோபர்

சந்தேகம் தீரவில்லை. ஏன் எப்போதும் ஒரு கோச்சுக்கும் அடுத்ததற்கும் நடுவே இரண்டு மூன்று நாள் இடைவெளி? ஏன் இரண்டை ஒன்றாகக் காட்ட மாட்டேன் என்கிறார்? யார்டில் நிற்கிற கோச்சுகளிலிருந்து தணிகைமலை சாமான் கழற்றி வெளியே விற்கிறாரோ? செம்புக் கேபிளுக்கு நல்ல விலை.

சொல்லாமல் போய்ப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். டீக்கடையில் இசக்கியிடம் மட்டும் சொன்னேன்.

"நாளைக்குக் காலைல யார்டுல முதல் கோச்சைத் திறந்து பாக்கப் போறேன். வாயத் திறந்துடாத. அந்த ஆளுக்குத் தெரியக் கூடாது."

"நான் யாருட்டல சொல்லப் போறேன்?" என்றான். டீயைப் பாதியில் வைத்துவிட்டு, ஆபீஸில் ஒரு மெயில் பாக்கி இருக்கிறது என்று போய்விட்டான். அவன் காசையும் சேர்த்து நான்தான் கொடுத்தேன்.

10 அக்டோபர்

யார்டில் முதல் கோச்சைத் திறந்தேன். எல்லாம் இருக்கிறது. கன்ட்ரோலர், கேபிள், விளக்கு, ஒரு திருகுகூடக் குறையவில்லை. எண் தகடும் சரி. போதாததற்கு இங்கேயும் வந்து பொட்டு வைத்திருக்கிறார், வாலோடு. யார்டு வரைக்கும் நடந்து வந்து பக்தி!

தணிகைமலை கோச்சுக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் வருவது அவருக்குத் தெரிந்திருக்கிறது. செக்யூரிட்டி சொல்லியிருப்பான். நாளை முதல் செக்யூரிட்டியிடம் பேச்சு இல்லை.

இன்று நான்காவதைப் பார்ப்பதாக இருந்தது. கரண்ட் இல்லை என்று திங்கட்கிழமைக்குத் தள்ளிவிட்டார்கள். ஷெட்டில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

13 அக்டோபர்

நான்காவதும் முடிந்தது. அதே வால் பொட்டு. இந்த மனிதர் வைக்கிற பொட்டெல்லாம் வழியும் போலிருக்கிறது.

கம்பெனி மேலாளர் கைகுலுக்கினார். நான்கு கோச்சை மட்டும் கோத்து ஞாயிற்றுக்கிழமை கொடியசைத்து அனுப்பப் போகிறார்களாம், மீதி இரண்டும் பின்னால் சேருமாம். தீபாவளிக்கு முதல் நாள். அக்காவிடம் சொன்ன வாக்கு.

14 அக்டோபர்

அக்கா ஆபீஸில் மூன்று பேரிடம் சொல்லிவிட்டாளாம். ஞாயிற்றுக்கிழமை முதல் வண்டியில் ஏறப் போகிறார்களாம். புதுச் சேலை கட்டுவாளாம்.

15 அக்டோபர்

கேன்டீனில் தணிகைமலை எதிரே உட்கார்ந்தார். மல்ட்டிமீட்டர் மேசையில் கிடந்தது. அதன் ஓரத்தில் நான் துடைத்தும் போகாத சந்தனத் துணுக்கு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. பேச்சுக்காகக் கேட்டேன்.

"புதுசா வர்ற ஒவ்வொரு கன்ட்ரோலருக்கும் பொட்டு வைப்பீங்களா?"

"சேச்சே. ஆயுத பூஜைக்கு மட்டும்தான் சார். அன்னிக்கு ஷெட்ல இன்னா இருந்துச்சோ அதுக்கு."

"அன்னிக்கு எத்தனை கன்ட்ரோலர் இருந்துச்சு?"

சாம்பாரை ஊற்றப் போனவர் கையை நிறுத்தினார். என்னைப் பார்த்தார். பிறகு ஊற்றினார். "நெனப்பு இல்ல சார்" என்றார். அதற்குப் பிறகு சாப்பிடவில்லை.

ஒன்று இருந்தது. நான் பார்த்தேன்.

பூஜைக்கு முன்பே யார்டுக்குப் போன முதல் கோச்சில் பொட்டு எப்படி வந்தது? செப்டம்பரில் நான் சோதித்தபோது அதன் கன்ட்ரோலர் துடைத்து வைத்ததுபோலப் பளபளவென்று இருந்தது. நான்காம் தேதி வந்த புதுக் கன்ட்ரோலருக்குப் பொட்டு வைத்தது யார்? எல்லா வாலும் இடப்பக்கமே சாய்வது எப்படி? எண் தகடு இரண்டு சின்னத் திருகில்தான் நிற்கிறது. இதைக் கவனிக்க எனக்கு இத்தனை நாளா?

மாலை டீக்கடையில் இசக்கி வழக்கம்போலக் கேட்டான்.

"நாளைக்கு எந்தக் கோச்சுல மக்கா?"

வழக்கம்போலக் கேட்டான். இந்த வரியை இரண்டாவது தடவை எழுதிவிட்டேன், அடிக்கப் போவதில்லை.

"ரெண்டாவதுல. யார்டுல."

"சரி, சரி" என்றான். ஆபீஸில் ஒரு மெயில் பாக்கி இருக்கிறது என்றான்.

16 அக்டோபர்

பைக்குக்குக் காத்திருக்கவில்லை. ஆறரை மணி பஸ்ஸில் வந்தேன்.

மூன்றாவது கோச்: கூரைப் பலகையைத் திறந்தேன். காலி. நான்கு போல்ட் துளைகள். கேபிள் முனைகள் இரண்டையும் பாலித்தீன் பையில் சுற்றி நூலால் கட்டியிருந்தார்கள். அழகான கட்டு, எனக்கே அப்படிக் கட்ட வராது. முதல் கோச்: காலி. நான்காவது: காலி. மூன்றுக்கும் என் கையெழுத்து இருக்கிறது.

இரண்டாவதில் ஏறினேன். தணிகைமலை ஏணியில் நின்று கடைசி போல்ட்டை முடுக்கிக்கொண்டிருந்தார். திரும்பினார். இறங்கவில்லை. ஓடவும் இல்லை. ஸ்பேனரை மட்டும் இடுப்பில் செருகிக்கொண்டார்.

"இதுலதான் பாக்கறேன்னு சொன்னீங்களாமே சார். ஏன் அங்கேந்து வர்றீங்க?"

"யார் சொன்னது?"

அவர் ஏணியை விட்டு இறங்கினார். நான் மறுபடி கேட்கவில்லை.

"எத்தனை கன்ட்ரோலர் வந்துச்சு இங்க?"

"ஒண்ணு."

"ஸ்டோர்ல இருக்கிற பெட்டில?"

"சீட்டு போடற போல்ட்டு."

"தகட்டை நீங்கதான் மாத்தினீங்களா?"

"நான்தான் மாத்துவேன். மேல இருந்து சொல்றாங்க, செய்யறேன். எம்பொண்ணுக்கும் இங்கதான் ஆபீஸ்ல வேல."

நான் மேலே டார்ச் அடித்தேன். சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. குங்கும வால் அப்படியே இருந்தது.

"இவ்வளவு செஞ்சவர் இதைத் துடைச்சிருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது."

அவருக்குக் கோபம் வந்தது. இத்தனை நாளில் இன்றுதான் பார்க்கிறேன்.

"தகடு கம்பெனிது சார், மாத்தச் சொன்னா மாத்துவேன். பொட்டு சாமிது. அத எப்டி சார் நான் அழிப்பேன்?"

நான் கேட்ட கேள்வி அவருக்கு அசிங்கமாகப் பட்டதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான்கு கூரையையும், வால் பொட்டையும் போனில் படம் எடுத்தேன். அவர் டார்ச்சைப் பிடித்துக்கொண்டார். நான் கேட்கவில்லை.

*

அதே நாள், மாலை

இசக்கி வீட்டு வாசலிலேயே நின்றான். தணிகைமலை போன் செய்திருப்பார்.

"உக்காருல, பேசுவோம்."

"நின்னே பேசறேன்."

"சப்ளையர் கன்ட்ரோலர அனுப்ப மாட்டேங்கான். பழைய பாக்கி. மொத வண்டி போனாத்தான் ரயில்வே அடுத்த தவணை தருவான். தவணை வந்தாத்தான் சப்ளையர் அனுப்புவான். இதுல என்னல செய்யச் சொல்லுத? ரெண்டு வாரத்துல எல்லாம் வந்துரும். மாட்டிட்டா ஒனக்கும் தெரியாது, ஒலகத்துக்கும் தெரியாது. யாருக்கு என்ன நட்டம்?"

"வெங்கடசுப்புவுக்குத் தெரிஞ்சிருக்கும்."

"அதாம்ல ராய்ப்பூர்ல இருக்காரு."

அதைச் சொன்ன பிறகுதான், என்ன சொன்னோம் என்பது அவனுக்கு உறைத்தது. சிரிக்கப் பார்த்தான்.

"நான் அப்படிச் சொல்லல மக்கா."

"கன்ட்ரோலர் இல்லாம ஞாயித்துக்கிழமை வண்டி எப்படி நகரும்?"

தரையைப் பார்த்தான்.

"சிக்னல் ஒயர நேரா இணைச்சிருவாங்க. கதவு மூடுனாப்புல டிரைவருக்குக் காட்டும்."

"கதவு?"

"தொறந்தபடியே கட்டி வைக்கது. கொடியசைக்கும்போது கூட்டம் ஏற எறங்க வசதின்னு சொல்லிக்கிடலாம்."

"ஓடும்போது?"

"பழைய வண்டி கதவத் தொறந்துபோட்டுத்தான ஓடுது இத்தன வருசமா? சனம் போகலையா? ரெண்டு வாரம்தாம்ல, மதி."

பழைய வண்டியில் ஏறுகிறவனுக்குக் கதவு இல்லை என்று தெரியும். கம்பியைப் பிடித்துக்கொள்வான். புது வண்டியில் ஏறுகிறவள் கதவு மூடும் என்று நம்பி, அதில் சாய்ந்துகொள்வாள். தகடு வைத்த கையை ஓய்வாகத் தொங்கவிட்டுக்கொண்டு, புதுச் சேலையில். இதை நான் அவனிடம் சொல்லவில்லை.

"ஞாயித்துக்கிழமை எங்கக்கா ஏறுறா" என்று மட்டும் சொன்னேன்.

அவனுக்கு அக்காவைத் தெரியும். ஹாஸ்டலுக்கு அவள் கொடுத்துவிட்ட முறுக்கில் பாதி அவன் தின்றது.

பைக் சாவியை விரலில் சுற்றினான். பிறகு, "அக்காவ மட்டும் வர வேண்டாம்னு சொல்லிரேன்" என்றான்.

என் அறைக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். அவன் வெளியே நின்று, "நீ போட்ட கையெழுத்துதாம்ல நாலும். வெளிய வந்தா மொதல்ல உன் வேலதான் போகும்" என்றான். மிரட்டுகிற குரல் இல்லை. கெஞ்சுகிற குரலும் இல்லை. ஹாஸ்டலில் பரீட்சைக்கு முதல் நாள் கணக்குச் சொல்லித் தருவானே, அந்தக் குரல்.

கணக்கு சரிதான்.

17 அக்டோபர், வெள்ளி

மேலதிகாரிக்குக் காலையில் போன் செய்தேன். முழுதும் கேட்டுவிட்டு, "ஒவ்வொன்றாகப் பார்க்கலாம் என்று எழுதியது நீங்கள்தானே" என்றார். ஆமாம் என்றேன். "யோசித்து எழுதுங்கள், மதியரசு" என்று வைத்துவிட்டார். அறிக்கையையா, ராஜினாமாக் கடிதத்தையா என்று அவர் சொல்லவில்லை.

யோசித்தாயிற்று. செய்ய வேண்டியவை:

1. பத்து மணிக்குள் அறிக்கை. மேலதிகாரிக்கு மட்டும் அனுப்பினால் அங்கேயே படுத்துவிடும். ரயில்வே பாதுகாப்புப் பிரிவுக்கும் நேராக அனுப்ப வேண்டும். முதல் வரி: நான் போட்ட நான்கு கையெழுத்தும் செல்லாது. படங்கள் இணைப்பு.

2. தணிகைமலையின் பெயர் வருகிற இடத்துக்கு முன்னால் என் பெயர் வந்திருக்க வேண்டும். டார்ச் பிடித்தது அவர்தான் என்பதையும் எழுத வேண்டும்.

3. வெங்கடசுப்புவின் நம்பரைக் கண்டுபிடித்துப் பேச வேண்டும். என்ன பேசுவது என்று தெரியவில்லை. பேச வேண்டும்.

4. இந்த வேலை மிஞ்சினால்: ஆறு கோச்சும் ஒரே தண்டவாளத்தில், ஒரே நேரத்தில், எல்லாக் கூரையும் திறந்து. எந்த நாள் என்று யாரிடமும் டீக்கடையில் சொல்லக் கூடாது.

5. வேறு அறை. ஹெல்மெட்டை இசக்கியின் பைக் மேல் வைத்துவிட வேண்டும். அவன் வண்டி எடுக்கும் முன்.

6. அக்காவுக்குப் போன். தேதி எதுவும் சொல்லக் கூடாது. இசக்கி சொன்னதுபோல அவளை மட்டும் நிறுத்தக் கூடாது, அந்த மூன்று பேரிடமும் ஏற வேண்டாம் என்று அவளே சொல்ல வேண்டும். தீபாவளி முடிந்து பழைய வண்டியில் ஏறும்போது வாசலில் நிற்காதே, உள்ளே போய் நில் என்று சொல்ல வேண்டும். உள்ளே எங்கேடா இடம் என்று கேட்பாள்.